தண்ணீர் போகும் திசையில் மிதியுங்கள்: கோவைக் குளக்கரைகளில் சைக்கிள் ஓட்ட வருபவர்களுக்கு

கோயம்புத்தூரில் ஆற்றங்கரையோரமாகச் சைக்கிள் ஓட்ட இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அவர்களை நான் குளத்துக்கு அனுப்புவேன். நொய்யல் ஊருக்குள் நுழைந்ததும் வீடுகளும் சாலைகளும் முட்புதர்களும் அதன் கரையை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கரையோரமாகவே போகும் பாதை நமக்கு இல்லை. ஆனால் அந்த ஆற்றின் தண்ணீர் ஆற்றுக்குள் மட்டும் ஓடுவதில்லை. மேற்கே வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கியதுமே சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஒரு பங்கு வாய்க்காலில் பிரிகிறது. பிறகு அணைக்கட்டுக்கு அணைக்கட்டு பிரிந்து, குளம் குளமாக நிரம்பி, மிச்சம் மறுபடி ஆற்றுக்கே வருகிறது. கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடு என்று சொல்லப்படும் இந்தக் குளங்கள்தான் கோவையின் ஆற்றங்கரை. பொலிவுறு நகரத் திட்டத்தின் முதல் பட்டியலில் 2016இல் கோவை இடம்பெற்ற பிறகு, பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி குளம் உள்ளிட்டவற்றின் கரைகளில் கல் பதித்து, விளக்குப் போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை அமைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதைகளைத் தனித்தனிப் பூங்காக்களாக நினைத்து ஒன்றில் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவற்றை ஒரே ஆற்றின் கண்ணிகளாகக் கோத்து ஓட்டிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

புறப்படும் முன்பு

புதுச் சைக்கிள் வாங்காதீர்கள். வீட்டு மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கும் பழைய சைக்கிளே இந்தப் பாதைக்குப் போதும். கியர் தேவையில்லை, மேடு என்று சொல்லும்படி எதுவும் இங்கே இல்லை. சனிக்கிழமை மாலை அதைத் தெருமுனைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் மூன்று விஷயங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கின்றனவா, செயின் துருப்பிடிக்காமல் எண்ணெய் கண்டிருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா. காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அதைவிடக் குறைவாக அடித்தால் மிதிப்பது கனக்கும். கல்லின் விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கு நடுவில் நசுங்கிக் கிழியும்.

சீட் உயரத்தைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம்; அப்போது முழங்காலில் இலேசான மடிப்பு கிடைக்கும். முதல் நாளே முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைத் திரும்பப் படிக்கு அடியில் தள்ளுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சீட் தாழ்ந்திருப்பதுதான் காரணம்.

ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, நன்றாக ஒலிக்கும் மணி, ஒரு லிட்டர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் குழாயிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், வழியில் பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

பஞ்சர் ஒட்டும் பொட்டலம் ஒன்றும் கைப்பம்பும் கட்டாயம் வேண்டும். காரணம் சீமைக் கருவேலம். குளக்கரைக்கு வெளியே, இணைப்புச் சாலைகளின் ஓரங்களில், மண்ணோடு மண்ணாக அதன் முள் கிடக்கும். காய்ந்த முள்ளின் நிறமும் காய்ந்த மண்ணின் நிறமும் ஒன்றே. புட்டுவிக்கி பக்கம் ஒரு முறை என் பின்சக்கரம் மெல்ல மெல்லத் தொய்ந்தது. டயரைக் கழற்றி டியூபை ஒட்டினேன், காற்றடித்தேன், பத்து நிமிடத்தில் மறுபடி தொய்ந்தது. இரண்டாம் முறை கழற்றியபோதுதான் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே அரிசி முனை அளவுக்கு, பழுப்பு நிறத்தில், முள்ளின் நுனி மட்டும் ஒடிந்து நின்றுகொண்டிருந்தது. ஆகவே டியூபை ஒட்டுவதற்கு முன்பு டயரின் உட்சுவரை முழு வட்டமும் மெதுவாகத் தடவுங்கள். முள்ளை நகத்தால் பிடுங்க வராது. வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தி, உள்ளே தலை நீட்டியதும் சிறு இடுக்கியால் இழுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை என்றால் குளத்துத் தண்ணீரில் முக்க வேண்டாம். உதட்டருகே வைத்துச் சுற்றினால் காற்று சில்லென்று படும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்து, பிறகு ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் விட்டுப்போகின்றன.

முதல் ஞாயிறு: பெரியகுளம் மட்டும்

உக்கடம் பெரியகுளம் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடப்பது. பேரூர் புறவழிச் சாலையை ஒட்டிய கரையில் பாதை அகலமாக இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே இருங்கள். ஆனி, ஆடியில் அந்நேரம் வெளிச்சம் வந்துவிடும். தையில் ஆறரை தாண்டும், அப்போது விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

நுழைவாயிலில் காவலர் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். சைக்கிளை எந்தப் பகுதியில் ஓட்டலாம், எந்தப் பகுதியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது குளத்துக்குக் குளம் மாறும், கூட்டத்தைப் பொறுத்து வேளைக்கு வேளையும் மாறும். "கொஞ்சம் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் தம்பி" என்று அவர் சொன்னால் வாதம் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிவைத்த பெரியவர்கள்தான் அந்தப் பாதையின் முதல் உரிமைக்காரர்கள். காது மந்தமானவர்கள் இருப்பார்கள், காதில் பாட்டு மாட்டியவர்கள் இருப்பார்கள். மூவராக நான்கு பேராகப் பாதையை அடைத்துக்கொண்டு மருமகள் கதை பேசிப் போகிறவர்களும் உண்டு. முதுகுக்குப் பின்னால் வந்து மணியடித்தால் அவர்கள் எந்தப் பக்கம் துள்ளுவார்கள் என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு முன்பே ஒரு முறை மணியடித்து, வேகத்தைக் குறைத்து, "அம்மா, வலப்பக்கமாகப் போகிறேன்" என்று வாயால் சொல்லுங்கள். மணியைவிட மனிதக் குரலுக்கு ஆட்கள் நிதானமாக நகர்கிறார்கள்.

பாதையில் பதித்திருக்கும் கல்லைக் கவனியுங்கள். பனி இறங்கிய காலையிலும் மழைக்கு மறுநாளும் அந்தக் கல் வழுக்கும், நிழல் விழும் இடங்களில் பாசி பிடித்திருந்தால் இன்னும் மோசம். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவின் நடுவில் பிடிக்காதீர்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்கவே கூடாது. மழைநீர் வடியப் போட்டிருக்கும் இரும்புக் கம்பித் தட்டுகளைக் கண்டால் குறுக்காகக் கடந்துவிடுங்கள். கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீண்டிருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் சிக்கும்.

நாய்களைப் பற்றிக் கேட்காத புதியவர் இல்லை. விடியலில் கரையில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கத்தான் தோன்றும். வேகம்தான் அவற்றைக் கிளப்பிவிடுகிறது. நிறுத்தி இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிளின் ஓட்டம் நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு அக்கறை போய்விடும்.

அன்று நான்கைந்து கிலோமீட்டர் போதும். மீதி நேரத்துக்குக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். முக்குளிப்பான் தலையைக் கவிழ்த்து மறைந்து, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழும். நாமக்கோழி, நீர்க்காகம், தண்ணீர் வற்றும் மாதங்களில் கூழைக்கடா. மீன் பிடிப்பவர்கள் பரிசலைக் கரையேற்றும் நேரம் அது. வலையிலிருந்து ஜிலேபி மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். செவுளுக்குள் கண்ணி மாட்டிக்கொண்டால் இழுக்காமல், மீனின் தலையை முன்னே தள்ளி, கட்டைவிரலால் நூலைப் பின்னே உருட்டி எடுக்கிற அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விடும். இந்தக் குளம் 2013இல் வறண்டு கிடந்தபோது நகரத்து மக்களே இறங்கித் தூர்வாரினார்கள். இன்று நீங்கள் தண்ணீரைப் பார்க்கும் இடத்தில் அன்று மண்கூடை சுமந்தவர்கள் இப்போதும் அங்கே காலை நடைக்கு வருகிறார்கள், விசாரித்தால் சொல்வார்கள்.

இரண்டாம் ஞாயிறு: வாலாங்குளத்துக்கு

பெரியகுளத்தில் கை பழகிய பிறகு, கிழக்கே வாலாங்குளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உக்கடம் சந்திப்பு இருக்கிறது. பாலக்காடு, பொள்ளாச்சி பஸ்கள் திரும்பும் இடம் அது. காலை ஏழு மணிக்குள் அதைக் கடந்துவிடுவது நல்லது. உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் வரை நீளும் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து மேலே வண்டிகள் பறக்கின்றன. சைக்கிளுக்கு அது வேண்டாம், கீழ்ச்சாலையிலேயே போங்கள். சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் நடுச்சாலைக்கு ஏறி நிற்காமல், இறங்கி, நடந்து கடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடக்கலாம். அப்படிக் கடப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பத்து வருடம் ஓட்டிய நானும் அந்த இடத்தில் இறங்கித்தான் கடக்கிறேன்.

வாலாங்குளத்தை ரயில் பாதையும் சுங்கம் புறவழிச் சாலையும் வெட்டிக்கொண்டு போகின்றன. போத்தனூர்ப் பக்கம் போகும் ரயில் தண்ணீருக்கு நடுவே ஓடுவதைக் கரையிலிருந்து பார்க்கக் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. மாலையில் இங்கே படகுக்கும் தின்பண்டத்துக்கும் கூட்டம் குவியும், அப்போது சைக்கிளுக்கு இடமே இருக்காது. காலையில் மட்டும் வாருங்கள்.

மூன்றாம் ஞாயிறு: பேரூரிலிருந்து

முழுப் பயணம் இதுதான், எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். இதை எந்தத் திசையில் ஓட்டுகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

கோவைக்கு மேற்கே மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் நம் ஊருக்குள் பாய்கிறது. வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை அது ஓயாது. அம்மி பறக்கிறதோ இல்லையோ, சைக்கிளை அது நிறுத்திவிடும். நான் புதிதாக ஓட்டத் தொடங்கிய வருடம், ஆடியில் ஒரு நாள் வாலாங்குளத்திலிருந்து திருச்சி சாலையில் சிங்காநல்லூர் வரை கிழக்கே போனேன். பெடல் தானாகச் சுற்றியது. திரும்பி மேற்கே முகம் வைத்ததும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. போன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது; கடைசி ஒரு கிலோமீட்டரை இறங்கித் தள்ளியே கடந்தேன். புதியவர்கள் யாருக்கும் அப்படி ஒரு காலை வாய்க்கக் கூடாது.

ஆகவே உடம்பில் தெம்பு இருக்கும்போதே, காற்று முழுமூச்சில் எழும்பாத விடியற்காலையில், மேற்கே போய்விடுங்கள். உக்கடத்திலிருந்து செல்வபுரம் வழியாகப் பேரூர் சுமார் 6 கிலோமீட்டர். சிறுவாணி சாலையில் பஸ்கள் நெருக்கி வரும், இடது ஓரமாக ஒற்றை வரிசையில் போங்கள். பேரூர்ப் படித்துறையில் சைக்கிளை நிறுத்துங்கள். பட்டீசுவரர் கோயிலுக்கு அருகே, காஞ்சிமாநதி என்று பழைய பெயர் சொல்லி அழைக்கிறார்களே, அந்த நொய்யலை இங்கேதான் கண்ணெதிரே ஆறாகப் பார்க்கிறீர்கள். மலையில் மழை பெய்திருந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். இல்லாத மாதங்களில் மணலும் நாணலும்தான். பிறவாப்புளியையும் இறவாப்பனையையும் பார்க்காமல் வந்தால் வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கோயிலுக்குள் போகிறவர்கள் ஒரு வேட்டியோ துண்டோ பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் திரும்புங்கள். இங்கிருந்து கிழக்கே நிலம் கண்ணுக்குத் தெரியாமல் சரிகிறது. வாய்க்கால் தண்ணீர் அந்தச் சரிவை நம்பித்தான் ஓடுகிறது. காற்றும் அதே திசைதான். உங்கள் சக்கரம், காற்று, தண்ணீர் மூன்றும் ஒன்றாகப் போகும் இந்த 8 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். செல்வபுரம் தாண்டிப் புறவழிச் சாலையில் திரும்பினால் செல்வசிந்தாமணி குளம், அடுத்துப் பெரியகுளம், உக்கடம் கடந்தால் வாலாங்குளம். ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்கு என்ற அந்த ஏற்பாட்டின் வழியிலேயே நீங்கள் போகிறீர்கள். மதகும் வாய்க்காலும் தென்படும் இடத்தில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குழந்தைகளை அழைத்து வந்தால் ஒரு காய்ந்த இலையைப் போட்டுக் காட்டுங்கள்.

கூடவே கண்ணில் படும் இன்னொன்றையும் பாருங்கள். பேரூரில் மணல் வாசனையோடு இருக்கும் ஆறு, புட்டுவிக்கி பாலத்துக்கு வருவதற்குள் சாக்கடை வாசனைக்கு மாறத் தொடங்கிவிடும். ஆத்துப்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக்கும் நுரையும். காரில் போகும்போது கண்ணாடி ஏற்றியிருப்பதால் இது தெரிவதில்லை. சைக்கிளில் போகிறவருக்கு எந்த இடத்தில் எந்த வாய்க்கால் வழியாகச் சாக்கடை கலக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். அப்படிக் கலக்கும் இடம் ஒன்றைப் புதிதாகக் கண்டால் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். சில இடங்களில் அடைத்தும் இருக்கிறார்கள்.

மார்கழி, தையில் காற்று கிழக்கிலிருந்து வரும். அது ஆடிக் காற்றளவுக்கு வலுவுள்ளது அல்ல. அந்த மாதங்களில் திசையைப் பற்றிக் கவலைப்படாமல் வசதிப்படி போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழை அதிகம். காலை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், ஆனால் இரவு மழைக்குப் பின் கல் வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் எட்டு மணிக்குள் வீட்டில் இருங்கள். பேரூர் சாலையில் கம்பங்கூழ் விற்கும் தள்ளுவண்டி கண்ணில் பட்டால் ஒரு சொம்பு, மோர் மிளகாயோடு. பயணம் முடிந்ததும் குடிக்க இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது.

இந்தத் தடம் பழகியவர்கள் பிறகு இரண்டு கிளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். வடக்கே முத்தண்ணன் குளம் என்கிற குமாரசாமி குளம், செல்வாம்பதி, கிருஷ்ணாம்பதி. தெற்கே ஆத்துப்பாலம் தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் குறிச்சி குளம். அங்கே தமிழ் எழுத்துகளாலேயே அமைத்த திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பொள்ளாச்சி சாலை நெரிசலானது, அதனால் கைப்பழக்கம் வந்த பிறகே போங்கள்.

கடைசியாக, மூன்றாம் ஞாயிற்றுக்கு நாள் குறிக்கும் முன்பு நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசையிலும் ஆடிப் பதினெட்டிலும் பேரூர்ப் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்கவும் கன்னிமாரைக் கும்பிடவும் ஊரே திரளும். சிறுவாணி சாலையில் சைக்கிள் நுழைய இடம் இருக்காது. ஆனி மாத நாற்று நடவுத் திருவிழாவுக்கும் அப்படியே. அந்த நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, காந்திபுரத்திலோ உக்கடத்திலோ பேரூர் பஸ் ஏறுங்கள்.